சாவியை ஒளித்த மாணவி: ஆன் சல்லிவனின் முதல் நான்கு மாதங்கள்

ஹெலன் கெல்லர் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தத் தண்ணீர்க் குழாயடிதான். ஒரு கையில் தண்ணீர் கொட்டுகிறது, மறு கையில் ஆசிரியை எழுத்துகளை எழுதுகிறார், சிறுமிக்குச் சட்டென்று மொழி விளங்கிவிடுகிறது. பள்ளி ஆண்டு விழா நாடகத்திலும் தன்னம்பிக்கைப் பேச்சிலும் இதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறோம். வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறவர்களுக்கு அந்தக் காட்சியால் பெரிய பயன் ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். அதற்கு முந்தைய ஐந்து வாரங்களிலும் பிந்தைய மூன்று மாதங்களிலும்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. ஆன் சல்லிவன் கையில் ஒப்படைக்கப்பட்டவள் வீட்டில் இருந்த அத்தனை பேரையும் ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்த ஒரு படு சுட்டி. அவளை அவர் எப்படிக் கையாண்டார் என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

இதற்கு நல்ல ஆவணம் இருக்கிறது. சல்லிவன் தான் படித்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் தன்னைத் தாய்போல் கவனித்துக்கொண்ட சோபியா ஹாப்கின்ஸ் அம்மையாருக்கு அடிக்கடி கடிதம் எழுதினார். 1903இல் ஹெலனின் தன்வரலாறு நூலாக வந்தபோது அக்கடிதங்களின் பகுதிகளும் அதில் சேர்ந்தன. இருபது வயது ஆசிரியை ஒருவர், அன்றன்று நடந்ததை அன்றன்றே, களைப்போடும் எரிச்சலோடும் எழுதியவை அவை. பிற்காலத்தில் பூசப்பட்ட மெருகு அவற்றில் குறைவு.

மாணவி

ஹெலன் பிறந்தது 1880 ஜூன் 27, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்ற சிற்றூர். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் பார்வையையும் கேட்கும் திறனையும் பறித்துவிட்டது. அப்பா ஆர்தர் கெல்லர் உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களின் படையில் கேப்டனாக இருந்தவர். பிறகு உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியர். அம்மா கேட். அப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்த அண்ணன்மார், மில்ட்ரெட் என்ற தங்கைப் பாப்பா, அத்தை, வேலையாட்கள் என்று வீடு நிறைய ஆட்கள்.

மொழி இல்லாவிட்டாலும் ஹெலன் சும்மா இருக்கவில்லை. தலையாட்டல், இழுத்தல், தள்ளல் எல்லாம் அவளுக்குப் பேச்சு. ரொட்டி வேண்டுமென்றால் கத்தியால் அறுப்பதுபோல் காட்டுவாள். ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் குளிரில் நடுங்கிக் காட்டுவாள். அம்மா என்றால் கன்னத்தில் கை.

குறும்புப் பட்டியல் நீளமானது. சமையற்காரரின் மகள் மார்த்தாவுடன் சேர்ந்து, சர்க்கரைப் பூச்சிட்ட ஒரு முழு கேக்கைத் திருடி விறகுக் குவியலருகே உட்கார்ந்து தின்று தீர்த்து, வயிற்றைக் கெடுத்துக்கொண்டாள். காகிதப் பொம்மை வெட்டி அலுத்துப்போனதும் மார்த்தாவின் தலைமுடியை வெட்டினாள். மார்த்தா பதிலுக்கு இவளுடைய சுருள் ஒன்றை வெட்ட, அம்மா வந்து தடுத்தார். தன் பொம்மையின் தொட்டிலில் தங்கை படுத்திருப்பதைக் கண்டுபிடித்து, தொட்டிலையே கவிழ்த்தாள். அம்மா ஓடி வந்து பிடித்திருக்காவிட்டால் குழந்தை பிழைத்திருக்குமோ என்னவோ. சாவியின் பயனைக் கண்டுகொண்ட அன்று, அம்மாவைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். வேலையாட்கள் வேறு பக்கம் இருந்ததால் மூன்று மணி நேரம் அவர் உள்ளேயே கிடந்தார். அவர் கதவைத் தட்டத் தட்ட, அந்த அதிர்வைத் தாழ்வாரப் படியில் உட்கார்ந்து உடலால் உணர்ந்து சிரித்துக்கொண்டிருந்ததாக ஹெலனே பிற்பாடு எழுதினார்.

இந்தக் கடைசிச் சம்பவத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பூட்டினால் ஆள் வெளியே வர முடியாது என்பதும், அவர் தட்டுவார் என்பதும், அதை எங்கே உட்கார்ந்தால் உணரலாம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காரணத்தையும் விளைவையும் தெளிவாகக் கோர்க்கத் தெரிந்த பிள்ளை அது. ஊர் அவளை மூளையில்லாத பிள்ளை என்று நினைத்திருக்கலாம். சாமான் அறைக் கதவு வேறு கதை சொல்கிறது.

அம்மா கேட், லாரா பிரிட்ஜ்மன் என்ற பார்வையும் செவியும் இழந்த பெண்ணுக்குப் பெர்கின்ஸில் கல்வி கொடுத்ததைப் பற்றி சார்லஸ் டிக்கன்ஸ் எழுதியதைப் படித்திருந்தார். 1886இல் பால்டிமோர் கண் மருத்துவரிடம் போய், அவர் சொல்லி வாஷிங்டனில் அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லைப் பார்த்து, பெல் சொல்லிப் பெர்கின்ஸ் இயக்குநர் மைக்கேல் அனாக்னோஸுக்குக் கடிதம் எழுதினார்கள். அனாக்னோஸ் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் ஆன் சல்லிவன்.

ஆசிரியை

சல்லிவனும் சாதுவான மாணவியாக இருந்தவரல்லர். 1866இல் மாசசூசெட்ஸில் ஏழை அயர்லாந்துக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே கண்நோயால் பார்வை பெரும்பாலும் போயிற்று. எட்டு வயதில் அம்மா இறந்தார். 1876இல் அவரையும் தம்பி ஜிம்மியையும் டியூக்ஸ்பரி ஏழைகள் விடுதியில் சேர்த்தார்கள். தம்பி அங்கேயே இறந்துபோனான். பதினான்கு வயதில் பெர்கின்ஸ் பள்ளிக்கு வந்தபோது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எதிர்த்துப் பேசுவதும் ஆசிரியர்களோடு மோதுவதுமாக இருந்த அவரைப் பள்ளியைவிட்டே அனுப்பிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. கண் அறுவைச் சிகிச்சைகளால் ஓரளவு பார்வை திரும்பியது. 1886இல் வகுப்பின் முதல் மாணவியாகப் பட்டமளிப்பு உரை நிகழ்த்தித்தான் வெளியே வந்தார். லாரா பிரிட்ஜ்மனோடு அதே விடுதியில் வசித்து, அவரோடு பேசுவதற்காகவே விரலெழுத்து கற்றுக்கொண்டிருந்தார்; ஒவ்வோர் எழுத்தையும் ஒரு விரல் வடிவமாக மற்றவர் உள்ளங்கையில் காட்டும் முறை அது.

ஆசிரியப் பயிற்சி என்று எதுவும் கிடையாது. லாராவுக்குச் சாமுவேல் கிரிட்லி ஹோவ் கற்பித்த விதம் பற்றிய அறிக்கைகளைச் சில மாதங்கள் படித்தார், அவ்வளவுதான். மாதம் 25 டாலர் சம்பளம். 1887 மார்ச் 3, மாலை ஆறரை மணிக்கு டஸ்கம்பியாவில் ரயில் இறங்கினார். அப்போது ஹெலனுக்கு ஆறு வயதும் எட்டு மாதமும்.

வெளிறிப்போன, நோஞ்சான் பிள்ளையை எதிர்பார்த்து வந்தவருக்கு ஏமாற்றம். வாசலில் நின்றவள் திடகாத்திரமாக, சிவந்த முகத்தோடு, துறுதுறுவென்று இருந்தாள். பாய்ந்து வந்து ஆசிரியையின் முகத்தையும் உடையையும் தடவிப் பார்த்துவிட்டு, கைப்பையைப் பிடுங்கித் திறக்கப் பார்த்தாள். அம்மா தடுத்ததும் கோபம் வந்துவிட்டது. சல்லிவன் தன் கடிகாரத்தைக் கொடுத்துச் சமாளித்தார்.

மூன்று நாள் கழித்து எழுதிய கடிதத்தில் அவர் இரண்டு விஷயங்களைக் குறிக்கிறார். ஒன்று: இந்தக் கைகள் ஒரு நொடியும் ஓய்வதில்லை, தொட்டதையெல்லாம் உடைக்கின்றன, அவற்றை வைத்து வேறென்ன செய்வதென்று அவற்றுக்குத் தெரியாததே காரணம். மற்றொன்று: குழந்தையின் உள்ளத்தை முறிக்காமல் அவளை எப்படிக் கட்டுக்குள் கொண்டுவருவது என்பதே தனக்கு முன்னால் இருக்கும் பெரிய சிக்கல். வந்து மூன்றே நாளில் ஒரு புதிய ஆசிரியை இவ்வளவு தெளிவாக நோயைக் கண்டுபிடித்ததை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கேக்கும் மணிகளும்

பெர்கின்ஸ் சிறுமிகள் ஒரு பொம்மை அனுப்பியிருந்தார்கள். அதற்கு உடை தைத்தவர் லாரா பிரிட்ஜ்மன். பொம்மையைக் கொடுத்து, ஹெலனின் உள்ளங்கையில் டி-ஓ-எல்-எல் என்று சல்லிவன் எழுதினார். அவள் திரும்பச் செய்தாள். எழுத்தைச் சரியாக முடிக்கும்வரை வைத்திருக்கலாம் என்று பொம்மையை ஆசிரியை வாங்க, பிடுங்கிக்கொள்கிறார் என்று நினைத்து ஹெலன் ரகளை செய்தாள். நாற்காலியில் உட்கார வைக்க முயன்று ஆசிரியை ஓய்ந்துபோனார். பிறகு ஒரு யோசனை வந்து, கீழே போய்க் கேக் எடுத்து வந்தார். சி-ஏ-கே-இ. எழுதிக் காட்டியதும் கேக் கிடைத்தது. அதையும் பறித்துவிடப்போகிறார்களோ என்று அவசர அவசரமாக விழுங்கினாள். பொம்மை கைக்கு வந்ததும் கீழே ஓடியவள், அன்று முழுக்க மாடிப் பக்கமே வரவில்லை.

அடுத்து வந்தது தையல் அட்டை. ஒரு வரிசை தைத்துக் காட்டியதும் சில நிமிடத்தில் அழகாக முடித்துவிட்டாள். இதற்கும் ஒரு சொல் கற்பிக்கலாம் என்று ஆசிரியை சி-ஏ-ஆர்-டி என்று தொடங்கினார். சி, ஏ என்று இரண்டெழுத்து எழுதியதும் ஹெலன் நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்தாள். தின்பதுபோல் சைகை காட்டி, கீழே சுட்டி, ஆசிரியையைக் கதவுப் பக்கம் தள்ளினாள். போய்க் கேக் எடுத்து வா என்று அர்த்தம். முதல் இரண்டெழுத்தும் முந்தைய பாடத்தை நினைவூட்டிவிட்டன. சல்லிவன் சிரித்துக்கொண்டே சொல்லைக் கேக் என்று மாற்றி முடித்துவிட்டு, உத்தரவுப்படி போய் எடுத்து வந்தார்.

இந்த இடத்தை ஆசிரியர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பாடத் திட்டப்படி அன்றைய சொல் அட்டை. மாணவி அதைத் தன் வசதிக்குத் திருப்பிவிட்டாள். அதட்டி, அட்டைதான் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் ஒரு சொல் மிச்சமாகியிருக்கலாம். எழுத்துக்கும் பொருளுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அவள் மனத்தில் முளைத்த முதல் சந்தேகம் போயிருக்கும்.

கடிதம் எழுதவும் அவள் விடவில்லை. பின்னால் வந்து தாளில் கை வைப்பாள், மைக்கூட்டில் கை விடுவாள். அந்தக் கடிதத்தின் மைக்கறைகள் அவள் கைங்கரியம்தான் என்று ஆசிரியையே எழுதியிருக்கிறார். மணி கோர்க்கக் கொடுத்ததும் அடங்கினாள். இரண்டு மர மணி, ஒரு கண்ணாடி மணி என்ற வரிசை. முதலில் மர மணிகளை மட்டும் கோர்த்தாள். அவிழ்த்ததும் கண்ணாடி மணியை முன்னால் வைத்தாள். மறுபடி அவிழ்த்துக் காட்டியதும் பிடித்துக்கொண்டாள். பிறகு தவறே இல்லை. அடுத்த நூலில் ஆசிரியை போட்ட முடிச்சு சிறிதாகிவிட்டது. கோர்க்கக் கோர்க்க மணிகள் மறுமுனையில் உதிர்ந்தன. ஹெலன் யாரையும் கேட்கவில்லை. நூல் முனையை ஒரு மணிக்குள் விட்டு, அந்த மணியையே சேர்த்துக் கட்டிவிட்டாள். அம்மாவைப் பூட்டிய அதே மூளைதான், இந்தத் தடவை ஒரு நல்ல வேலை கிடைத்திருக்கிறது.

ஆசிரியைக்கும் பூட்டு விழாமல் இல்லை. அவர் வந்த சில நாளிலேயே, மாடி அறைக்கு ஏதோ கொடுத்தனுப்பிய சாக்கில் போய், அவரை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைத் துணி அலமாரிக்கு அடியில் ஒளித்துவிட்டாள். எவ்வளவு கேட்டும் காட்டவில்லை. கடைசியில் கேப்டன் கெல்லர் ஏணி வைத்து ஜன்னல் வழியாக அவரை இறக்கினார். ஹெலனுக்கு ஒரே குதூகலம். சாவி பல மாதம் கழித்துத்தான் அவள் கையிலிருந்து வந்தது.

சாப்பாட்டு மேசை

மார்ச் 7, திங்கட்கிழமை. காலை உணவு. மற்றவர்கள் தட்டில் கை விட்டு வேண்டியதை அள்ளித் தின்பது ஹெலனின் பழக்கம். வீட்டில் யாரும் தடுப்பதில்லை. சல்லிவன் தன் தட்டில் கை வைக்க விடவில்லை. மோதல் முற்றியதும் குடும்பத்தார் எழுந்து போய்விட்டார்கள். ஆசிரியை கதவைப் பூட்டிவிட்டு, தொண்டையில் இறங்காத உணவைத் தொடர்ந்து சாப்பிட்டார். ஹெலன் தரையில் புரண்டு உதைத்து, கத்தி, அவர் நாற்காலியை இழுத்துக் கவிழ்க்கப் பார்த்தாள். அரை மணி நேரம். பிறகு எழுந்து வந்து அவர் என்ன செய்கிறார் என்று தொட்டுப் பார்த்தாள். தட்டில் கைக்கு இடமில்லை. கிள்ளினாள். கிள்ளியபோதெல்லாம் அடி விழுந்தது. அடுத்து அவள் மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தாள், ஒவ்வொரு நாற்காலியாகத் தடவிக்கொண்டு. யாரும் இல்லை. குழம்பிப்போனாள். சில நிமிடம் கழித்துத் தன் இடத்துக்கு வந்து கையால் சாப்பிடத் தொடங்கினாள்.

கரண்டி கொடுத்ததும் வீசினாள்; எடுக்க வைத்தார். சாப்பிட்டு முடிந்ததும், சாப்பிடும்போது கழுத்தில் கட்டும் துணித் துண்டை எறிந்துவிட்டுக் கதவுக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. அந்தத் துண்டை மடிக்க வைக்க இன்னொரு மணி நேரம். பிறகு அவளை வெயிலில் விளையாட விட்டுவிட்டு, ஆசிரியை தன் அறைக்குப் போய்க் கட்டிலில் விழுந்து அழுது தீர்த்தார்.

அடியைப் பற்றிப் பேசாமல் இதைக் கடந்து போக முடியாது. அந்தக் காலத்தில் அது வழக்கம் என்பது உண்மை. ஆனால் கடிதத்தைக் கவனமாகப் படித்தால், அடி எதையும் சாதிக்கவில்லை என்பது தெரிகிறது. கிள்ளலும் அடியும் மாறி மாறி நடந்தன, அவ்வளவே. மாற்றம் வந்தது அவள் மேசையைச் சுற்றி வந்த பிறகு. இரக்கப்பட்டு வந்து அணைக்க அம்மா இல்லை, விட்டுக்கொடுக்க அப்பா இல்லை என்று தெரிந்ததும் ரகளைக்குப் பயன் இல்லாமல் போயிற்று. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், குழந்தைக்கு உடல் தண்டனையையும் மன உளைச்சலையும் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தால் வகுப்பைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று புலம்பும் ஆசிரியர்களுக்கு இந்தக் காலை உணவை நான் சிபாரிசு செய்வேன். வேடிக்கை பார்ப்போரை அப்புறப்படுத்தியதுதான் வேலை செய்தது.

சல்லிவனும் அதைத்தான் புரிந்துகொண்டார். வீட்டார் நடுவில் இருந்துகொண்டு எதுவும் செய்ய முடியாது என்று முடிவு செய்து, அம்மாவிடம் தயங்கித் தயங்கிப் பேசிச் சம்மதம் வாங்கினார். ஏறத்தாழ கால் மைல் தள்ளி, தோட்டத்தில் ஒரு சிறு வீடு. இடம் தெரியாமல் இருக்கச் சாமான்களை மாற்றிப் போட்டு, நெடுந்தூரம் வண்டியில் சுற்றிவிட்டு ஹெலனை அங்கே கொண்டுபோனார்கள். கெல்லர் தம்பதி தினமும் வந்து பார்க்கலாம், ஆனால் அவளுக்குத் தெரியக் கூடாது என்பது ஒப்பந்தம்.

முதல் இரவு, ஆசிரியையும் அதே கட்டிலில் படுக்க வந்தது தெரிந்ததும் ஹெலன் மறுபக்கம் குதித்து இறங்கிவிட்டாள். இரண்டு மணி நேரப் போராட்டம். நல்லவேளையாக எனக்குக் கொஞ்சம் பலம் அதிகம், பிடிவாதமும் அவளுக்குச் சளைத்ததில்லை என்ற பொருளில் சல்லிவன் எழுதுகிறார். மறுநாள் அவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து, கன்னத்தைத் தொட்டு அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். படிக்கச் சங்கடமான பகுதி இது. ஆறு வயதுக் குழந்தைக்குத் தான் எங்கே கொண்டுவரப்பட்டோம் என்றுகூடத் தெரியாது. விளைவு நல்லதாக முடிந்தது என்பதற்காக இதை ஒரு முறையாகப் பரிந்துரைக்க என்னால் முடியாது.

மார்ச் 20 கடிதத்தில் தொனியே வேறு. காட்டுப்பிள்ளை சாந்தமாகிவிட்டாள், பின்னல் வேலையில் அறையின் நீளத்துக்கு ஒரு சங்கிலி பின்னிவிட்டாள் என்று ஆசிரியைக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. எடுபிடி வேலைக்கு இருந்த பெர்சி என்ற கறுப்பினச் சிறுவனையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார். அவன் தவறு செய்தால் ஹெலனுக்குக் கொண்டாட்டம்; திரும்பத் திரும்ப எழுத வைப்பாள். சரியாகச் செய்துவிட்டால் அவன் தலையில் அவள் தட்டிக் கொடுக்கும் வேகத்தைப் பார்த்தால், சில தவறுகளை அவன் வேண்டுமென்றே செய்கிறானோ என்று ஆசிரியைக்குத் தோன்றியது. ஒருநாள் கேப்டன் தன் வேட்டை நாய் பெல்லைக் கூட்டி வந்தார். பொம்மையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஹெலன் மோப்பம் பிடித்தாள். பொம்மையைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் தேடிப் போய் நாயைக் கட்டிக்கொண்டாள். பிறகு அதன் பக்கத்தில் உட்கார்ந்து கால்நகங்களை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தாள். என்ன செய்கிறாள் என்று ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. தன் விரலில் டி-ஓ-எல்-எல் போட்டுப் பார்த்துக்கொண்டபோதுதான் புரிந்தது: பெல்லுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறாள்.

துண்டுக்கு ஒரு பேரம்

இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று ஆசிரியை கேட்டும் வீட்டார் விடவில்லை. மார்ச் மாத இறுதியில் திரும்பிவிட்டார்கள். முதல் சாப்பாட்டிலேயே சோதனை. ஹெலன் துண்டைக் கழற்றி வீசினாள், மேசையை உதைத்தாள். ஆசிரியை தட்டை எடுத்துவிட்டு அவளை வெளியே அழைத்துப்போகப் பார்த்தார். என் பிள்ளைக்கு எந்தக் காரணத்துக்காகவும் சாப்பாடு மறுக்கக் கூடாது என்று அப்பா குறுக்கிட்டார். நம் வீடுகளிலும் இதே வசனம்தான். படிப்பில் எவ்வளவு கண்டிப்பும் செய்யுங்கள், வயிற்றில் மட்டும் கை வைக்காதீர்கள் என்பார்கள். கேப்டனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் காலை உணவின்போது ஹெலன் துண்டைத் தன் பாணியில் தாடைக்குக் கீழே செருகிக்கொண்டு, ஆசிரியை பார்க்கிறாரா என்று காட்டினாள். எழுந்து போகும்போது அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். சமாதானத்துக்கு வருகிறாளோ என்று அவருக்குத் தோன்றியது. பாட நேரத்தில் மேசைமேல் பொருள்கள் எல்லாம் இருந்தன, வழக்கமான பரிசுக் கேக் மட்டும் இல்லை. ஹெலன் உடனே கண்டுபிடித்துச் சைகையால் கேட்டாள். ஆசிரியை ஒரு துண்டை எடுத்து அவள் கழுத்தில் கட்டி, பிய்த்து எறிந்து, தலையை அசைத்துக் காட்டினார். இப்படிப் பல முறை. ஹெலன் தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள். பாடம் தொடங்கியது. பாதிச் சொற்கள் முடிந்ததும் திடீரென நிறுத்தி, துண்டைத் தேடி எடுத்து, கழுத்தில் கட்டிக்கொண்டு, கேக் சைகை காட்டினாள். கேக் கொடுத்தால் இனி ஒழுங்காக இருப்பேன் என்ற பேரம். வழக்கத்தைவிடப் பெரிய துண்டு கேக் கிடைத்தது. கெக்கலித்துத் தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு முன் இதே துண்டுக்காகப் பூட்டிய அறையில் ஒரு மணி நேரம் போர் நடந்தது. இப்போது இருவரும் பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள். கேக் என்ற சொல் எழுதத் தெரிந்தும் அவள் சைகைதான் செய்தாள் என்பதைச் சல்லிவன் கவனித்துக் குறித்திருக்கிறார். சொல் இன்னும் அவளுக்கு ஒரு விளையாட்டு வித்தை. வேண்டியதைக் கேட்கும் கருவியாகவில்லை. மார்ச் 31 கணக்குப்படி பதினெட்டுப் பெயர்ச்சொல்லும் மூன்று வினைச்சொல்லும் அவள் விரல்களில் இருந்தன.

ஏப்ரல் 5 காலையில் குழாயடி. குவளை, பால் என்ற இரு சொற்களிலும் அவளுக்கு இருந்த குழப்பத்தைத் தீர்ப்பதற்காகத்தான் சல்லிவன் அவளை அங்கே அழைத்துப்போனார், அற்புதம் எதையும் எதிர்பார்த்து அல்ல. அன்று சில மணி நேரத்தில் முப்பது சொற்கள். அன்றிரவு முதன்முறையாக அவளாகவே வந்து ஆசிரியைக்கு முத்தம் கொடுத்தாள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த சில நாளில் அவர் எடுத்த முடிவு. ஹெலனின் உறவில் பதினைந்து மாதக் குழந்தை ஒன்றைக் கவனித்தார். அதற்கு யாரும் வகுப்பு நடத்தவில்லை, ஆனால் சொன்னதெல்லாம் புரிகிறது. அப்படியானால் ஹெலனை ஏன் மணிக்கணக்கில் மேசையில் உட்கார வைக்க வேண்டும்? நேரப்பட்டியல் பாடத்தை நிறுத்தினார். பாப்பாவின் காதில் பேசுவதுபோல் இவள் கையில் முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே இருப்பது, எந்த ஒரு பொருளிலும் கவனத்தைக் கட்டிப் போடாமல் இருப்பது என்று முடிவு செய்தார். ஓரிடத்தில் நிற்காத கால்கள் அதுவரை பாடத்துக்கு எதிரியாக இருந்தன. இனி அவை போகுமிடமெல்லாம் பாடமும் கூடவே போயிற்று. டென்னசி ஆற்றங்கரையில் கூழாங்கல்லால் அணை கட்டியும் தீவு அமைத்தும் விளையாடியதுதான் அவளுடைய புவியியல். ஒரு பாடத்தை நடத்துகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. மே மாதம் எழுதும்போது, விரிவான கற்பித்தல் முறைகள் எல்லாவற்றின் மீதும் தனக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்கிறார். எல்லாக் குழந்தையும் யோசிக்கத் தெரியாத மடையர்கள் என்ற நினைப்பில் கட்டப்பட்டவை அவை என்பது அவர் புகார். ஆகஸ்ட் 31இல் ஹெலனின் சொற்கள் 625.

ஜூலை 3

குறும்பு போய்விட்டதா என்றால், இல்லை. ஜூலை 3 காலையில் கீழே பெரும் கூச்சல். இரண்டு மாதமாக அமைதியாக இருந்தவள், வைனி என்ற பணிப்பெண்ணைக் கடித்துப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி டம்ளரில் கல் நிரப்பிக்கொண்டிருந்தாளாம். உடைந்துவிடும் என்று வைனி பிடுங்கப் பார்த்திருக்கிறார். ஒருவேளை ஒரு அடியும் கொடுத்திருக்கலாம் என்பது ஆசிரியையின் ஊகம்.

கையைப் பிடித்து என்ன நடந்தது என்று கேட்டதும் ஹெலன் எழுதிய முதல் வாக்கு: வைனி கெட்டவள். சற்று நேரம் கழித்து முத்தம் கொடுக்க வந்தாள். கெட்ட பெண்ணுக்கு முத்தம் கொடுக்க முடியாது என்றார் சல்லிவன். ஹெலன் நல்லவள், வைனிதான் கெட்டவள் என்று வாதம். நீ அடித்தாய், உதைத்தாய் என்று ஆசிரியை நினைவூட்டினார். யோசித்துவிட்டு அடுத்த அஸ்திரம் வந்தது: ஹெலனுக்கு டீச்சர் மேல் பிரியமில்லை, அம்மா மேல்தான் பிரியம், அம்மா வைனியை அடிப்பார். இதற்கெல்லாம் பதில் பேசாமல், இதைப் பற்றி யோசித்துப் பார் என்று விட்டுவிட்டார் ஆசிரியை. முகம் வாடி, அவர் பக்கத்திலேயே இருக்கப் பார்த்தாள்; அவரோ அவளைத் தனியாக உட்கார விட்டார். கடைசியில் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நாளை நல்ல பெண்ணாக இருப்பேன், எல்லா நாளும் இருப்பேன் என்றாள். அப்படியானால் வைனியிடம் போய் வருத்தம் தெரிவிக்கிறாயா என்று கேட்டார் சல்லிவன். ஹெலன் சொன்ன பதில்: வைனிக்கு விரலெழுத்து தெரியாதே.

மன்னிப்புக் கேட்பதிலிருந்து தப்ப இதைவிடக் கச்சிதமான சாக்கை எந்தப் பிள்ளையும் சொல்லியிருக்க முடியாது. உண்மையும்கூட. நான்கு மாதத்துக்கு முன் இந்தப் பிள்ளையிடம் இருந்த ஆயுதம் பல்லும் காலும். அவை இன்னும் போகவில்லை என்று காலையில் தெரிந்தது. ஆனால் மாலைக்குள் அவள் வழக்காடுகிறாள், மிரட்டுகிறாள், வாக்குறுதி தருகிறாள், ஓட்டை கண்டுபிடிக்கிறாள். அத்தனையும் வாக்கியங்களில். ஆசிரியையின் பக்கத்திலும் அதே அளவு மாற்றம் இருக்கிறது. மார்ச்சில் கை ஓங்கியவர் ஜூலையில் ஒரு முத்தத்தை மட்டும் நிறுத்திவைத்தார், அதுவே போதுமானதாக இருந்தது. இருவருக்கும் இடையில் மொழி வந்துவிட்டதால்தான் அது முடிந்தது.

இன்னொன்றும் கண்ணில் படுகிறது. வைனிக்கோ பெர்சிக்கோ என்ன தோன்றியது என்று அந்தக் கடிதங்களில் ஒரு வரியும் இல்லை. அடிமை முறை ஒழிந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்த தெற்குப் பகுதி அது. எஜமானர் வீட்டுப் பிள்ளை கடித்தால் பணிப்பெண் என்ன செய்ய முடியும்? சல்லிவன் மன்னிப்புக் கேட்கச் சொன்னதே அந்தச் சூழலில் கொஞ்சம் துணிச்சலான காரியம்தான்.

நம் வகுப்பறைக்கு

நம் சட்டப்படியே தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது அளவு. சல்லிவனுக்கு ஒரே மாணவி, நாள் முழுக்க, அதுவும் அவளோடு தனி வீட்டில் தங்கும் அளவுக்கு. இந்த வசதியை மறந்துவிட்டு அவரை எல்லோருக்கும் அளவுகோலாக வைப்பது நியாயமில்லை. கதவைப் பூட்டுவதையும் கை ஓங்குவதையும் எடுத்துக்கொள்ளவும் கூடாது.

மற்றவற்றை முப்பது பேருக்கு நடுவிலும் செய்யலாம். சேட்டை செய்த பிள்ளையைப் பற்றிப் புகார் எழுதும் முன், அந்தச் சேட்டைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். மணி நூலின் முடிச்சைப் பற்றிச் சல்லிவன் செய்தது கிட்டத்தட்ட அதுதான். கண்டிப்பதாக இருந்தால் வகுப்பு முழுக்கப் பார்க்கக் கண்டிக்காமல், இடைவேளையில் தனியாக வைத்துக்கொள்ளலாம். பெற்றோரிடம் முதல் வாரத்திலேயே பேசி, வீட்டில் அவன் அழுதால் யார் முதலில் இறங்கி வருவார் என்று தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலும் அது தாத்தாவாகவோ பாட்டியாகவோ இருக்கும், அவர்களையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். பாட நடுவே பிள்ளை கேக்கைக் கேட்டால், அன்றைய சொல்லைக் கேக் என்று மாற்றிக்கொள்ள ஆசிரியருக்கு மனம் வேண்டும், பாடத் திட்டத்திலும் அதற்கு இடம் வேண்டும். இரண்டாவதைக் கொடுக்க வேண்டியவர்கள் கல்வி அதிகாரிகள்.

ஜூலை 3 வழக்கு எப்படி முடிந்தது என்றால், வைனிக்கு விரலெழுத்து தெரியாததால் ஆசிரியையே கூட வருவதாகச் சொன்னார். ஹெலன் போனாள். வைனி தனக்கு முத்தம் கொடுக்க விட்டாள். தான் திருப்பிக் கொடுக்கவில்லை.